அந்தால்யாவில் குளிர்காலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துருக்கியின் தென்கரையில், மத்தியதரைக் கடலைப் பார்த்தபடி இருக்கும் ஊர் அந்தால்யா. கோடையில் கூட்டம் அலைமோதும். நான் அங்கே இருந்தது மூன்று குளிர்காலங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை போக நினைக்கும் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், நான் சொன்ன பதில்களையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

குளிர்காலத்தில் போய் என்ன செய்வது? எல்லாம் மூடிக்கிடக்காதா?

மூடுவது கடலோரத்தின் பெரிய சொகுசு விடுதிகள். பெலெக், கெமெர், சிதெ பக்கம் பல விடுதிகள் நவம்பரில் கதவைச் சாத்தினால் மார்ச் கடைசியில்தான் திறக்கும். ஆனால் அந்தால்யா பத்து லட்சத்துக்கும் மேல் மக்கள் வாழும் ஊர். அவர்கள் குளிர்காலத்தில் எங்கும் போய்விடுவதில்லை. சந்தை கூடுகிறது, டிராம் ஓடுகிறது, தேநீர்க் கடைகளில் இடம் பிடிக்க வேண்டியிருக்கிறது. கோடையில் பயணிகளுக்காக ஓடும் ஊர், குளிர்காலத்தில் தன் சொந்த வேலையைப் பார்க்கிறது. எனக்குப் பிடித்தது இந்த ஊர்தான்.

எவ்வளவு குளிரும்?

ஜனவரியில் பகல் 15 டிகிரி வாக்கில் இருக்கும். இரவில் 6 டிகிரிக்கு இறங்கும். நகருக்குள் பனி பெய்வது மிக அபூர்வம். வடக்கே டோரோஸ் மலைத்தொடர் மதில் போல நின்று, உள்நாட்டுக் குளிரைத் தடுத்துவிடுகிறது. வெயில் அடிக்கும் மதியம் ஸ்வெட்டரைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பீர்கள். வெயில் மறைந்த பத்தாவது நிமிஷம் மறுபடி மாட்டிக்கொள்வீர்கள். ஒரே தடிமனான கோட்டை விட, ஒன்றன் மேல் ஒன்றாகப் போடும் துணிகள்தான் உதவும்.

இன்னொன்று, பொழுது. துருக்கி 2016-இலிருந்து குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை மாற்றுவதில்லை. அதனால் டிசம்பர் கடைசியில் சூரியன் எழவே காலை 8 மணி ஆகிவிடும். மாலை ஆறுக்குள் இருட்டிவிடும். அதிகாலையில் கிளம்பிவிடலாம் என்று திட்டம் போட்டு வருகிறவர்கள் இருட்டில்தான் நிற்க வேண்டியிருக்கும்.

மழை பெய்யுமாமே?

பெய்யும். நன்றாகவே பெய்யும். அந்தால்யாவின் மழைக்காலமே குளிர்காலம்தான். கோடை மாதங்களில் ஒரு சொட்டு விழுவதே பெரிது. ஆனால் இது நாள் கணக்கில் நசநசவென்று தூறும் மழை அல்ல. இடி மின்னலோடு கொட்டித் தீர்த்துவிட்டு ஓயும், நம் ஐப்பசி மழை போல. மறுநாள் காலையில் வானம் கழுவித் துடைத்தது போல இருக்கும். வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் பேய் மலைகள் உச்சியில் வெள்ளை பூசிக்கொண்டு நிற்கும். பேய் என்றால் நம் பேய் இல்லை. பேய்தாலரே என்று துருக்கியர் சொல்லும் பெயரின் முதல் பாதி அது. பிரபு என்று பொருள்.

ஆகவே நாள்காட்டியைப் பார்த்துத் திட்டம் போடாதீர்கள், வானத்தைப் பாருங்கள். திங்கள் பெர்கே என்ற பழைய நகரத்து இடிபாடுகள், செவ்வாய் மலை என்று எழுதி வைத்தால் ஏமாற்றம்தான். வெயில் நாளுக்கு ஒரு பட்டியல், மழை நாளுக்கு ஒரு பட்டியல் என இரண்டு வைத்துக்கொண்டு, காலையில் ஜன்னலைத் திறந்த பிறகு முடிவு செய்யுங்கள். ஆறு நாள் இருந்தால் குறைந்தது மூன்று நல்ல நாள் கிடைத்துவிடும் என்பது என் அனுபவம்.

தெற்கிலிருந்து வீசும் காற்றுக்கு லொடோஸ் என்று பெயர். அது பலமாக வீசும் நாளில் கடல் ஓரத்துக்கும் பாறை விளிம்புக்கும் போகவே கூடாது. 2019 ஜனவரியில் விமான நிலைய வளாகத்துக்குள்ளேயே சுழற்காற்று புகுந்து பேருந்துகளையும் விமானங்களையும் சேதப்படுத்தியது. வானிலை எச்சரிக்கை வந்தால் உள்ளூர்க்காரர்கள் வீட்டில் இருப்பார்கள். நீங்களும் இருங்கள்.

கடலில் குளிக்கலாமா?

தண்ணீர் 17 டிகிரி வாக்கில் இருக்கும். முடியாதது அல்ல, ஆனால் பழக்கம் வேண்டும். கொன்யால்தி கடற்கரை மணல் இல்லாத, முழுக்கக் கூழாங்கல் கரை. வெயில் அடிக்கும் ஜனவரிக் காலையில் அங்கே போனால் அறுபது, எழுபது வயதுக்காரர்கள் துண்டை மடித்துக் கல் மேல் வைத்துவிட்டு, பேச்சை நிறுத்தாமலே தண்ணீருக்குள் இறங்குவதைப் பார்க்கலாம். கரைக்கு வந்ததும் பிளாஸ்கிலிருந்து தேநீர். பின்னணியில் பனி மூடிய மலை. அவர்களைப் பார்த்து நானும் ஒரு முறை இறங்கினேன். இரண்டு நிமிஷம் இருந்தேன். அன்று முழுக்க உடம்பில் ஒரு தெம்பு இருந்தது. ஆனால் கடலில் நீந்துவது மட்டும்தான் உங்கள் நோக்கம் என்றால், மே மாதம் வரை காத்திருங்கள்.

எங்கே தங்குவது நல்லது?

பழைய நகரமான கலெய்ச்சிக்குள், அல்லது அதை ஒட்டி. ஒட்டோமான் காலத்து மர மேல்மாடி வீடுகள் பலவற்றைச் சிறு விடுதிகளாக மாற்றியிருக்கிறார்கள். குளிர்காலத்தில் வாடகை நன்றாக இறங்கிவிடும். முன்பதிவு செய்வதற்கு முன் அறையைச் சூடாக்க என்ன வசதி இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். கல்லும் மரமுமாகக் கட்டிய பழைய வீடு, வெளியில் இருப்பதை விட உள்ளே அதிகம் குளிரும். என் முதல் வருடம் ஒரு விடுதியில் ஏசியையே சூடுக்கும் வைத்திருந்தார்கள்; அது ராத்திரி இரண்டு மணிக்கு நின்றுவிட்டது. கம்பளி இருந்ததால் தப்பித்தேன்.

கலெய்ச்சியில் என்னென்ன பார்க்க வேண்டும்?

பெர்கமோன் அரசன் இரண்டாம் அத்தாலோஸ் கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் அமைத்த ஊர் இது. அவன் பெயரால் அத்தாலெயா, அதுவே மருவி அந்தால்யா. ரோமானியப் பேரரசன் ஹேட்ரியன் கி.பி. 130-இல் வந்தபோது எழுப்பிய மூன்று வளைவு வாயில் இன்றும் நிற்கிறது. உள்ளூரில் அதை மூன்று வாசல் என்றே சொல்வார்கள். நடு வளைவின் கீழே குனிந்து பாருங்கள். வண்டிச் சக்கரங்கள் போய்ப்போய்க் கல்லில் பள்ளம் விழுந்திருக்கிறது. மழை பெய்த மறுநாள் அந்தப் பள்ளங்களில் தண்ணீர் தேங்கி, மேலே உள்ள வளைவு அதற்குள் தெரியும். கோடையில் அந்த இடத்தில் படம் எடுக்க வரிசையில் நிற்பார்கள். ஜனவரி காலையில் நானும் இரண்டு பூனைகளும்தான்.

அப்புறம் செல்ஜுக் துருக்கியர் காலத்து இவ்லி மினாரே, 13-ஆம் நூற்றாண்டுச் செங்கல் கோபுரம். அரைத் தூண்களை நெருக்கமாகச் சேர்த்துக் கட்டியது போல வரி வரியாக இருக்கும். அதைத் தாண்டி இறங்கினால் பழைய துறைமுகம். மாலையில் கராலியோலு பூங்காவுக்குப் போங்கள். மலை உச்சிப் பனியின் பின்னால் சூரியன் இறங்குவதைப் பார்க்க ஊரே அங்கே வரும்.

பெர்கே, அஸ்பெண்டோஸ், டெர்மெசோஸ் என்ற பழைய நகரங்களில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது. எதற்குப் போவது?

இது என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி. முழு வெயில் நாள், நல்ல காலணி, உடம்பில் தெம்பு, இந்த மூன்றும் இருந்தால் டெர்மெசோஸ். இல்லையென்றால் பெர்கே.

டெர்மெசோஸ், அந்தால்யாவிலிருந்து முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டர் வடமேற்கில், ஆயிரம் மீட்டருக்கு மேல் மலைக்குள் இருக்கும் கைவிடப்பட்ட நகரம். கி.மு. 333-இல் இந்தப் பக்கம் வந்த அலெக்சாந்தர் இதைப் பிடிக்க முடியாமல் போய்விட்டார். மேலே ஏறிப் பார்த்தால் ஏன் என்று புரியும். முறையான அகழாய்வு பெரிதாக நடக்காததால், பூகம்பத்தில் சரிந்த கல்லெல்லாம் சரிந்த இடத்திலேயே கிடக்கிறது. காட்டுக்குள் கல் சவப்பெட்டிகள் மூடி திறந்து சாய்ந்து கிடக்கும். பாதை முடியும் இடத்தில் திடீரென்று அரங்கம்: படிக்கட்டுகள் ஒரு பக்கம், எதிரே பள்ளத்தாக்கு, அதற்கப்பால் பனிமலை. குளிர்காலத்தில் அங்கே போனால் உங்கள் மூச்சுச் சத்தம் உங்களுக்கே கேட்கும். பேருந்து கிடையாது, வாடகைக் கார் அல்லது டாக்ஸிதான். மழை பெய்த அன்றும் மறுநாளும் போகாதீர்கள், கல் வழுக்கும். மேகம் இறங்கினால் வழி தெரியாது. மதியத்துக்குள் மேலே போய்விட்டு, மூன்று மணிக்குள் இறங்கத் தொடங்குங்கள்.

பெர்கேவுக்கு டிராமிலேயே போகலாம். அக்சு நிறுத்தத்தில் இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடந்தால் வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் நீள்வட்டம், பரவளையம், அதிபரவளையம் படித்தோமே, அந்தக் கூம்பு வெட்டுகளைப் பற்றி நூல் எழுதிய அப்பலோனியஸ் பிறந்த ஊர் இது. கோடையில் நிழலே இல்லாத வெட்டவெளி. பத்து மணிக்கு மேல் நிற்க முடியாது. குளிர்காலத்தில் நாள் முழுக்கச் சுற்றலாம். முக்கியத் தெருவின் நடுவே, நீளவாக்கில் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. மேட்டின் அடியில் இருக்கும் நீரூற்று மாளிகையில் நதித் தெய்வத்தின் சிலைக்குக் கீழே இருந்து தண்ணீர் இறங்கி, இந்த வாய்க்கால் வழியாகத் தெரு முழுக்க ஓடிக் குளிர்வித்ததாம். பெரிய மழைக்கு அடுத்த நாள் போனபோது வாய்க்காலின் தடுப்புகளுக்கு இடையே தண்ணீர் நின்றிருந்தது. இருபுறமும் தூண்கள், நடுவில் வானம் தெரியும் தண்ணீர். இந்தத் தெரு எதற்காகக் கட்டப்பட்டது என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. பிப்ரவரியில் கல் இடுக்குகளில் சிவப்பும் ஊதாவுமாக அனிமோன் பூக்கும்.

அஸ்பெண்டோஸ் அரங்கம் அழகு, அதில் சந்தேகமே இல்லை. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் ஸெனோன் என்ற கட்டடக்கலைஞர் எழுப்பியது. மேடைச் சுவர் முழு உயரத்துக்கு அப்படியே நிற்கிறது. ஆனால் அது ஒரு மணி நேரத்து விஷயம். கார் இருந்தால் பெர்கேயோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று நினைவில் இருக்கட்டும்: குளிர்காலத்தில் இந்த இடங்களை மாலை ஐந்து மணி வாக்கில் மூடிவிடுவார்கள். சீட்டு கொடுப்பது அதற்கு முன்பே நின்றுவிடும்.

அருங்காட்சியகம் எப்படி?

பெர்கேயில் எடுத்த சிலைகளுக்காகவே பேர் போனது. "களைத்த ஹெர்குலிஸ்" சிலையின் கீழ்ப்பாதி இங்கே, மேல்பாதி அமெரிக்காவில் பாஸ்டனில் என்று பல வருடம் பிரிந்து கிடந்து, 2011-இல்தான் மேல்பாதி திரும்பி வந்து ஒன்று சேர்ந்தது. கொன்யால்தியில் இருந்த பழைய கட்டடத்தை, புதிதாகக் கட்டுவதற்காக 2025-இல் மூடிவிட்டார்கள். கிளம்பும் முன் நிலவரத்தைப் பார்த்துவிட்டு, அதற்கேற்ப மழை நாள் பட்டியலைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பனி பார்க்க முடியுமா? ஸ்கீ?

பார்க்க மட்டும் என்றால் டஹ்தலி மலைக்குக் கேபிள் கார் இருக்கிறது. கெமெர் தாண்டிப் போக வேண்டும். பத்து நிமிஷத்தில் 2,365 மீட்டர் உச்சியில் விடுவார்கள். கீழே ஆரஞ்சுத் தோப்பு, மேலே முழங்கால் அளவு பனி, அதற்குக் கீழே கடல். காற்று பலமாக இருந்தால் வண்டி ஓடாது. கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஸ்கீ போட சக்லிகெண்ட், சுமார் 50 கிலோமீட்டர். சின்ன மையம்தான். ஜனவரி பாதிக்கு முன் பனி போதாமல் போவதும் உண்டு. ஸ்கீக்காகவே வருகிறவர்கள் இஸ்பார்தா பக்கம் தவ்ராஸ் போவது மேல். குழந்தைகளோடு பனியில் உருண்டுவிட்டு வர சக்லிகெண்ட் போதும். சக்கரத்துக்குச் சங்கிலி இல்லாமல் அந்த மலைப்பாதையில் ஏறாதீர்கள்.

யனார்தாஷ் நெருப்பு குளிர்காலத்திலும் எரியுமா?

எரியும். சிராலி கிராமத்துக்கு மேலே, மலைச்சரிவின் பாறை வெடிப்புகளிலிருந்து மீத்தேன் வாயு கசிந்து ஆயிரக்கணக்கான வருடங்களாக எரிந்துகொண்டிருக்கிறது. கிரேக்கக் கதையில் வரும் கிமைரா என்ற நெருப்பு கக்கும் விலங்கு இங்கேதான் புதைந்திருப்பதாகச் சொல்வார்கள். நுழைவிடத்திலிருந்து அரை மணி நேரம் படி ஏற வேண்டும். இருட்டும் நேரத்தில் போங்கள், டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் இந்த நெருப்பு வெறும் காட்சி. குளிர்காலத்தில் கையை நீட்டிக் காய்ந்துகொள்ளலாம்.

நாள் முழுக்க மழை பிடித்துக்கொண்டால்?

ஹமாமுக்குப் போங்கள். கலெய்ச்சிக்குள் பழைய குளியல் மண்டபங்கள் இன்றும் நடக்கின்றன. முதல் தடவை போகிறவர்கள் தயங்குவார்கள், அதனால் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். உடை மாற்றி, பெஷ்டெமால் என்ற மெல்லிய பருத்தித் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டும். நடுவில் அடியிலிருந்து சூடேற்றிய பெரிய பளிங்குத் திண்ணை. தொப்புள் கல் என்று பெயர். அதில் கால் மணி நேரம் படுத்திருங்கள். மேலே குவிமாடத்தில் சின்னச் சின்னக் கண்ணாடிக் கண்கள். அதன் வழியாக மங்கலாக வெளிச்சம் இறங்கும். அப்புறம் தேய்த்துவிடுபவர் வந்து, கெசெ என்ற சொரசொரப்பான கையுறையால் முதுகு, கை, கால் என்று தேய்ப்பார். சாம்பல் நிறத்தில் அழுக்கு திரிதிரியாக உருண்டு வரும். தினமும் குளிக்கிறோமே என்று வெட்கப்பட வேண்டாம், எல்லோருக்கும் அப்படித்தான். பிறகு சோப்பில் நனைத்த துணிப்பையை ஊதி, வரும் நுரையால் உங்களைக் கழுத்து வரை மூடுவார். வெந்நீர், குளிர்நீர், அப்புறம் வெளியே வந்து துண்டுக்குள் சுருண்டு ஒரு தேநீர். நம் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு வரும் அதே அசதி. ஆண்கள், பெண்களுக்குத் தனி நேரமா, கலந்த இடமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மழை விட்டதும் லாராவில் இருக்கும் கீழ் டியூடென் அருவிக்கு ஓடுங்கள். ஏறக்குறைய 40 மீட்டர் பாறையிலிருந்து ஆறு நேராகக் கடலுக்குள் விழுகிறது. பெருமழைக்குப் பிறகு அதன் இரைச்சல் பூங்காவின் வாசலிலேயே கேட்கும்.

என்ன சாப்பிட வேண்டும்?

முதலில் அந்தால்யா பியாஸ். துருக்கியில் மற்ற ஊர்களில் பியாஸ் என்றால் வெள்ளை மொச்சை போன்ற பீன்ஸில் வெங்காயமும் வினிகரும் சேர்த்த சாலட். இங்கே அதன் மேல் எள் விழுது, எலுமிச்சை, பூண்டு கலந்த குழம்பை ஊற்றி, வெந்த முட்டையும் தக்காளியும் வைத்துத் தருவார்கள். ரொட்டியால் தட்டைத் துடைத்துச் சாப்பிட வேண்டும். எள்ளை இவ்வளவு விரும்பும் ஊரை வேறெங்கும் நான் பார்த்ததில்லை: பூசணிக்காயைப் பாகில் வேகவைத்துச் செய்யும் இனிப்பின் மேலும் எள் விழுதும் வால்நட்டும்தான். அந்தப் பூசணி இனிப்பு குளிர்காலப் பண்டம், தவறவிடாதீர்கள். எள்ளோடு மிளகாய், சீரகம், பூண்டு சேர்த்த ஹிபெஷ் நமக்கு உடனே பிடித்துவிடும்.

குடிக்க சாலெப். ஒரு வகை ஆர்கிட் கிழங்கின் மாவைப் பாலில் காய்ச்சி, இலவங்கப்பட்டைத் தூள் தூவித் தருவார்கள். துறைமுகத்தில் காற்று அடிக்கும்போது இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக் குடிக்க அதை விட நல்லது எதுவும் இல்லை. மீனுக்கும் இதுதான் காலம்.

சைவர்களுக்கு என்ன கிடைக்கும்?

நிறையக் கிடைக்கும். ஆலிவ் எண்ணெயில் சமைத்து ஆறவைத்த காய்கறிகள், கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்த கோஸ்லெமே என்ற மெல்லிய ரொட்டி, பருப்பு உருண்டை, பருப்பு சூப். சூப்பில் மட்டும் கவனம்: பருப்பு என்று பெயர் இருந்தாலும் இறைச்சி வேகவைத்த நீரில் செய்வது உண்டு. "எத் சுயு வார் மே?" என்று கேளுங்கள், இறைச்சிச் சாறு இருக்கிறதா என்று பொருள். சோற்றுக்கும் அதே கேள்வி.

தெருவெல்லாம் ஆரஞ்சு காய்த்துத் தொங்குகிறதே, பறிக்கலாமா?

அது துருஞ்ச், கசப்பு ஆரஞ்சு. வாயில் வைக்க முடியாது. அதன் தோலைச் சுருட்டிப் பாகில் போட்டு இனிப்பு செய்வார்கள். நம் நாரத்தையின் நெருங்கிய சொந்தம். பெயரிலும் உறவு இருக்கிறது. இந்த வகைப் பழங்களுக்கெல்லாம் துருக்கியில் பொதுப் பெயர் நரெஞ்சியே. அரபி, பாரசீகம், வடமொழி வழியாகப் பின்னோக்கிப் போனால் திராவிட மொழிகளின் நாரத்தையிடம்தான் போய் நிற்கிறது என்பது பல மொழியறிஞர்கள் கருத்து. சந்தையில் அந்தச் சொல்லைக் கேட்ட அன்று எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

சாப்பிட வேண்டியது ஃபினிகே ஆரஞ்சு. வாரச் சந்தைக்குப் போய் இலையோடு இருக்கும் பழமாகப் பார்த்து வாங்குங்கள். கடைக்காரரிடம் "கொலாய் கெல்சின்" என்று சொல்லிப் பாருங்கள். வேலை சுலபமாக நடக்கட்டும் என்பது பொருள். வேலையில் இருக்கும் யாரைப் பார்த்தாலும் சொல்லலாம். பாதிப் பேர் எடையில் ஒரு பழம் கூடப் போடுவார்கள்.

ரமலான் மாதத்தில் வந்தால் சிரமமா?

அடுத்த சில வருடங்களுக்கு ரமலான் குளிர்காலத்தில்தான் வருகிறது. இங்கே பகலில் பெரும்பாலான உணவகங்கள் திறந்தே இருக்கும். நோன்பு திறக்கும் நேரத்துக்கு அரை மணி முன்பு ரொட்டிக் கடைக்குப் போனால், ரமலானுக்கு மட்டும் சுடும், எள் தூவிய வட்ட ரொட்டிக்காக வரிசை நிற்கும். நீங்களும் நில்லுங்கள். சூடாகக் கையில் வாங்கிய ரொட்டியை வீடு போய்ச் சேரும் வரை யாரும் முழுசாகக் கொண்டு போவதில்லை.

ஊருக்கு என்ன வாங்கிக்கொண்டு வரலாம்?

துருஞ்ச் இனிப்பு, பெர்கமோட் என்ற நாரத்தை இனப் பழத்தின் இனிப்பு, புது ஆலிவ் எண்ணெய். ஆலிவ் அறுவடை இலையுதிர் காலக் கடைசியில் என்பதால் டிசம்பரில் வாங்குவது அந்த வருடத்து எண்ணெய். தொண்டையில் லேசாகக் காரும், அதுதான் நல்லதற்கு அடையாளம். எல்லாவற்றையும் துணியில் சுற்றிப் பெரிய பெட்டிக்குள் வையுங்கள். கைப்பையில் வைத்தால் விமான நிலையச் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.